பின்வாசலில் ஒரு கண்ணாடி அறை

லண்டனில் டிசம்பர் மாதம் அலுவலகம் போகிறவர் இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிறார். 21ஆம் தேதி வாக்கில் காலை 8 மணிக்கு மேல்தான் சூரியன் எழும், மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். உச்சிவேளையில்கூட அது அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறியிருக்கும். அதே நாள் நண்பகலில் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் சூரியன் 55 பாகைக்கு மேல் நிற்கிறது. அங்கே வெயில் உள்ளே வராமலிருக்கத் தாழ்வாரம் இறக்கி, திண்ணையில் நிழல் பார்த்து உட்கார்ந்தவர்கள் நாம். இங்கே வெயில் எந்த மூலையில் விழுகிறது என்று தேடிப்போய் உட்கார வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் வீடு வாங்கும் நம் குடும்பங்களில் பலர் கன்சர்வேட்டரி எனும் கண்ணாடி அறையை ‘இன்னொரு ரூம்’ என்ற கணக்கில் பார்க்கிறார்கள். சதுர அடி கூடுகிறது, செங்கல் எக்ஸ்டென்ஷனைவிடச் செலவு குறைவு, பிள்ளைகளின் சாமான்களை அங்கே தள்ளிவிடலாம் என்று கட்டுகிறார்கள். இரண்டு குளிர்காலம் போனதும் அந்த அறை சைக்கிளும் அரிசி மூட்டையும் வைக்கும் இடமாகிவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்வதெல்லாம் ஒரே எண்ணத்திலிருந்து வருகிறது: கண்ணாடி அறையை வெளிச்சத்துக்காகக் கட்டுங்கள். இடம் போதவில்லை என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால் செங்கல் சுவரும் காப்பு போட்ட கூரையும் உள்ள எக்ஸ்டென்ஷனுக்குக் காசு சேருங்கள். வெளிச்சம்தான் குறை என்றால் அதை இந்த அறை அளவுக்குத் தரக்கூடியது வேறு எதுவும் இல்லை.

மேகம் மூடிய ஜனவரிப் பகலிலும் கண்ணாடிக் கூரையின் கீழ் இருக்கும் வெளிச்சம், விளக்கு எரியும் வரவேற்பறையில் இருப்பதைப் போலப் பல மடங்கு. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கும் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். பனியில் வழுக்கி விழும் பயத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை அவர்கள் வெளியே இறங்குவதே இல்லை. காலையில் ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்தால் தூக்கமும் விழிப்பும் ஒழுங்குக்கு வரும், மனமும் தெளியும். ஒன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு நேரம் வெயில் காய்ந்தாலும் உடலில் வைட்டமின் டி உண்டாகாது. அதற்குத் தேவையான புறஊதா பி கதிரை ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ முழுதாகத் தடுத்துவிடுகிறது. இலையுதிர், குளிர் காலங்களில் எல்லோருமே நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதை யோசிக்கலாம் என்பது பிரிட்டிஷ் அரசின் சுகாதார ஆலோசனை. நம்மைப் போன்ற தெற்காசியத் தோல் நிறம் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வதை யோசிக்கச் சொல்கிறது. அம்மா அப்பாவுக்குக் கண்ணாடி அறையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

இந்த நாட்டுக்காரர்களுக்கும் வெளிச்சம் எளிதில் கிடைத்துவிடவில்லை. ஜன்னல்களை எண்ணி வரி வாங்கும் சட்டம் 1696இல் வந்து 1851 வரை இருந்தது. கண்ணாடி மீதான வரி 1845இல்தான் நீங்கியது. அதற்கு முன் கண்ணாடிக் கூடம் வைத்திருப்பது அரண்மனைகளுக்கும் பெரும் பிரபுக்களுக்கும் மட்டுமே கட்டுப்படியாகும். வரி விலகியதும் கண்ணாடி மலிந்தது. கியூ தோட்டத்தின் பாம் ஹவுஸ் 1848இல் முடிந்தது, ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டனின் கிரிஸ்டல் பேலஸ் 1851இல் எழுந்தது, பிறகு நடுத்தர வர்க்கத்து வீடுகளின் பின்புறமும் கண்ணாடி முளைத்தது. இதே பாக்ஸ்டன் அதற்கு முன்பே சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஒரு மாபெரும் கண்ணாடிக்கூடம் கட்டியிருந்தார். முதல் உலகப் போரில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதைச் சூடாக்க முடியவில்லை, உள்ளிருந்த வெப்பநாட்டுச் செடிகள் செத்தன, 1920இல் கட்டடத்தையே இடித்தார்கள். கண்ணாடியின் குணம் இன்றும் அதுதான். வெளிச்சத்தை அள்ளித் தரும், வெப்பத்தைப் பிடித்து வைக்காது.

திசை

கட்டுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது திசை. பில்டரின் விலைப்பட்டியல் அதற்கு அப்புறம்.

பிரிட்டனில் நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தென்வானில்தான் இருக்கும். எனவே தெற்கு பார்த்த அறை குளிர்காலத்தில் வரம். சாய்ந்து வரும் வெயில் அறையின் பின்சுவர் வரை எட்டும். கோடையில் அதே அறை கொதிக்கும், அதற்கான மாற்று ஏற்பாட்டைப் பின்னால் சொல்கிறேன். கிழக்கு பார்த்தது காலைக் காப்பிக்கும் பேப்பருக்கும் ஏற்றது. பகல் 12 மணிக்குப் பிறகு இதமாகக் குளிர்ந்துவிடும். என்னைக் கேட்டால் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குத் தென்கிழக்கைவிடச் சிறந்த திசை இல்லை. மேற்கில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வேலை முடிந்து வந்து மாலை வெயிலில் உட்காரலாம் என்று ஆசைப்படுவார்கள். ஜூனில் சூரியன் இரவு 9 மணிக்கு மேல்தான் மறைகிறது, அதுவரை தாழ்வாக நின்று முகத்தில் அடிக்கும். நாள் முழுதும் சூடேறிய அறையில் அதற்கு மேலும் சூடு சேரும். வடக்கு பார்த்த அறைக்கு நேர்வெயில் மிகக் குறைவு, ஆனால் நிழல் தட்டாத சீரான வெளிச்சம் உண்டு. படம் வரைபவர், தையல் வேலை செய்பவர், படிப்பவர் வடக்கைத் தயங்காமல் ஏற்கலாம். குளிர்காலத்தில் ஹீட்டருக்குக் கூடுதலாகச் செலவாகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

திசைகாட்டி சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். டிசம்பரிலோ ஜனவரியிலோ வெயிலடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறை வரப்போகும் இடத்தில் ஒரு சமையலறை நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடுங்கள். 10 மணிக்கும் 12 மணிக்கும் 2 மணிக்கும் போய்ப் பாருங்கள். வெயில் நாற்காலியின் இருக்கையில் விழுகிறதா, முதுகுச் சட்டத்தின் உச்சியை மட்டும் தொடுகிறதா, ஒன்றுமே இல்லையா? சூரியன் 15 பாகையில் நிற்கும்போது 2 மீட்டர் உயர வேலியின் நிழல் 7 மீட்டருக்கு மேல் நீளும். உங்கள் தோட்டமே 9 மீட்டர்தான் என்றால், ‘சவுத் ஃபேசிங்’ என்று எஸ்டேட் ஏஜென்ட் பெருமையாகச் சொன்ன இடம் குளிர்காலம் முழுவதும் வேலியின் நிழலில் கிடக்கலாம். பக்கத்து வீட்டார் வளர்த்த லேலண்டி மரவேலி இருந்தால் கதை முடிந்தது. அறையை வீட்டின் மறு ஓரத்துக்குத் தள்ளினால் வெயில் கிடைக்குமா என்பதையும் அந்த நாற்காலியே காட்டிவிடும்.

கூரையும் காற்றும்

1980களிலும் 90களிலும் கட்டிய அறைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிகார்பனேட் கூரைதான், விலை குறைவு என்பதால். மழை பெய்தால் அதன் கீழ் போன் பேச முடியாது, சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும், பலகையின் உள்குழாய்களில் பச்சைப் பாசி படியும். வெளிச்சத்துக்காகக் கட்டுகிறோம் என்று முடிவானபின் கூரையில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. அறையின் அகலத்தில் அரை மீட்டர் குறைத்தாலும் கூரைக்கு நல்ல கண்ணாடியைப் போடுங்கள்.

நல்ல கண்ணாடி என்றால் இரட்டை அடுக்கு, நடுவே ஆர்கன் வாயு, உட்புறம் லோ-ஈ எனும் மெல்லிய உலோகப் பூச்சு. அந்தப் பூச்சு அறையின் சூட்டை உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. வெப்ப இழப்பைச் சொல்லும் யூ-வேல்யூ, ஒற்றைக் கண்ணாடிக்கு 5க்கு மேல், இன்றைய நல்ல இரட்டைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.2. எண் குறையக் குறைய நல்லது. தெற்கும் மேற்கும் பார்த்த கூரைக்கு ‘சோலார் கன்ட்ரோல்’ பூச்சும் சேர்த்துக் கேளுங்கள். கொட்டேஷனில் வெறும் ‘டபுள் கிளேசிங்’ என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். கூரைக்கும் பக்கங்களுக்கும் யூ-வேல்யூ தனித்தனியாக எழுத்தில் வர வேண்டும்.

கோடைச் சூட்டுக்கு முதல் மருந்து திறக்கும் கூரை ஜன்னல். சூடான காற்று மேலே ஏறும். மேலே வழியும் கீழே திறந்த ஒரு ஜன்னலும் இருந்தால் அது தானாக வெளியேறி, குளிர்ந்த காற்று கீழிருந்து நுழையும். மின்விசிறி எத்தனை போட்டாலும் இந்த வேலையைச் செய்யாது. திரை போடுவதென்றால் கண்ணாடிக்கு வெளியே போடும் வகை சிறந்தது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபின் உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்தாயிற்று.

அறை சுடுகிறது, குளிர்கிறது என்று சலித்து, கண்ணாடியை எடுத்துவிட்டு ஓடு போட்ட கூரை மாற்றுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அறை இதமாகும் என்பது உண்மை. ஆனால் வரவேற்பறைக்கு வந்துகொண்டிருந்த வெளிச்சமும் அதோடு போய்விடும். பொதுவாக அந்த மாற்றத்துக்குக் கட்டட விதிமுறை அனுமதியும் தேவைப்படும்.

அனுமதி, அஸ்திவாரம், அண்டை வீடு

இங்கிலாந்தில் வீட்டின் பின்புறம் ஒரு மாடி உயரத்தில் கட்டுவதற்குப் பெரும்பாலும் பிளானிங் பெர்மிஷன் வேண்டாம். தனி வீடு என்றால் பின்சுவரிலிருந்து 4 மீட்டர், செமி அல்லது டெரஸ் என்றால் 3 மீட்டர் நீளலாம். அண்டை வீட்டாருக்கு அறிவிக்கும் நடைமுறைப்படி விண்ணப்பித்தால் இது 8 மீட்டர், 6 மீட்டர் என்று கூடும். மொத்த உயரம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் கூரையின் கீழ்விளிம்பு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த அளவெல்லாம் வீட்டின் முதல் வடிவத்திலிருந்து கணக்கிடப்படும். உங்களுக்கு முன் இருந்தவர் ஏற்கெனவே 2 மீட்டர் நீட்டியிருந்தால் அது உங்கள் கணக்கில்தான் கழியும். பிளாட்டுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பட்டியலிடப்பட்ட பழைய கட்டடங்களுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். புதிய எஸ்டேட்டுகள் சிலவற்றில் கவுன்சிலே இந்தச் சலுகையை நீக்கியிருக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து விதிகள் வேறு. சந்தேகம் துளி இருந்தாலும் ‘லாஃபுல் டெவலப்மென்ட் சர்ட்டிஃபிகேட்’ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் முதல் காகிதங்களில் அது ஒன்று.

கட்டட விதிமுறை வேறு விஷயம். தரைமட்டத்தில், 30 சதுர மீட்டருக்குள், வீட்டிலிருந்து வெளிவாசல் தரமுள்ள கதவால் பிரிக்கப்பட்டு, தனக்கென்று தனி ஹீட்டிங் உள்ள கண்ணாடி அறைக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் தாழ்வான கண்ணாடிகள் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், வயரிங் விதிப்படி இருக்க வேண்டும். நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், விருந்தாளிகள் வந்தால் விசாலமாக இருக்கட்டும் என்று நடுவிலிருக்கும் கதவைக் கழற்றிவிடுவார்கள், வீட்டு ரேடியேட்டர் குழாயை இழுத்து உள்ளே விடுவார்கள். அந்த நிமிடமே விலக்கு போய்விடும். சட்டம் இருக்கட்டும், பணத்தைப் பாருங்கள்: கதவில்லாத கண்ணாடி அறையைச் சூடாக்க முயல்வது தோட்டத்தைச் சூடாக்குவதற்குச் சமம். கதவு இருக்கட்டும், கண்ணாடிக் கதவாக இருக்கட்டும். வெளிச்சம் அதன் வழியே வரும்.

அஸ்திவாரத்தைப் பற்றி விற்பனையாள் பேசவே மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். லண்டனின் பெரும்பகுதி களிமண். கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். வீடு ஆழமான அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்க, மேலோட்டமான கான்கிரீட் பலகையில் நிற்கும் கண்ணாடி அறை மட்டும் ஏறி இறங்கினால் இணைப்பு பிளக்கும். களிமண்ணில் குறைந்தது 1 மீட்டர் ஆழம் தோண்டச் சொல்லுங்கள், பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அதற்கும் மேல். பக்கத்து வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள், அவர்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டப்படி ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு முன் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தபாலில் சட்ட நோட்டீஸைத் திடீரென்று பார்த்தால் நல்ல அண்டை வீட்டாரும் விறைத்துக்கொள்வார்கள். பின்முற்றத்தில் மேன்ஹோல் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுக் கழிவுநீர்க் குழாயிலிருந்து 3 மீட்டருக்குள் கட்ட, தண்ணீர்க் கம்பெனியின் ஒப்புதல் தேவை.

தோட்டத்துக் கோடியில் தனியாக நிற்கும் கார்டன் ரூம் பற்றிச் சுருக்கமாக: எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் என்றால் உயரம் 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், 15 சதுர மீட்டருக்குள் படுக்கை இல்லாமல் கட்டினால் கட்டட விதிமுறையும் வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் பாட்டு வகுப்பு எடுப்பவருக்கும் அருமையான ஏற்பாடு. அதில் கட்டில் போட்டு ஆள் குடிவைத்தால் கவுன்சில் நடவடிக்கை எடுக்கும், எடுப்பதும் சரிதான்.

வாங்கும் வீட்டில் ஏற்கெனவே இருந்தால்

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். வீட்டுச் சுவரும் கண்ணாடிக் கூரையும் சேரும் இடத்தில் ஈயத் தகடு மடித்துச் செருகியிருக்க வேண்டும். வெறும் சிலிக்கான் பூசி ஒப்பேற்றியிருந்தால் அதன் கீழே சுவரில் பழுப்புக் கறை ஓடியிருக்கும். அறையின் பக்கச் சுவர் வீட்டைத் தொடும் மூலையில் விரலை வைத்துக் கீழிருந்து மேலே தடவிக்கொண்டு போங்கள். இடைவெளி கீழே குறுகி மேலே விரிந்தால் அறை வீட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்கிறது என்று பொருள். அதைக் கூரை மாற்றிச் சரிசெய்ய முடியாது, சர்வேயரைக் கூப்பிட்டாக வேண்டும். கதவுகளைத் திறந்து மூடுங்கள், தரையைத் தேய்த்தால் அதுவும் இதே நோயின் அறிகுறி. புதிதாகப் பெயின்ட் அடித்த வாசம் வந்தால் மூலைகளைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

இவை சரியாக இருந்து கூரை மட்டும் பழைய பாலிகார்பனேட்டாக இருந்தால் அஞ்ச வேண்டாம். சட்டங்கள் எடையைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்லி, கண்ணாடிக் கூரை போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். மீன் பொரிக்கும் வாசம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று கண்ணாடி அறையில் இரண்டாவது அடுப்பு வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. காரணம் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி பட்டு நீராக வழியும், ஜன்னல் ரப்பர்களில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய்ப் பிசுக்கு கூரையில் படிந்து ஒரே ஆண்டில் வெளிச்சத்தை மங்கவைக்கும். அந்தக் காசுக்கு, புகையை வெளியே தள்ளும் நல்ல எக்ஸ்ட்ராக்டரைச் சமையலறையில் போடுங்கள். ஈரத்துணி காயப்போடுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும். மிருதங்கத்தையும் வீணையையும் அங்கே வைக்காதீர்கள். பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் தோல் இறுகித் தளரும், மரம் வெடிக்கும். திறந்த அலமாரியில் மடித்து வைத்த பட்டுப்புடவைகளும் கல்யாணப் படங்களும் வெளிறிப்போகும். பிரம்பு நாற்காலி, டைல் தரை, கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி மெத்தை உறை போதும். டைல் தரை பகல் வெயிலை வாங்கி வைத்து மாலையில் மெல்ல விடும்.

செடிகள்

கறிவேப்பிலைக்காகவே கண்ணாடி அறை கட்டினேன் என்று சொன்னவர்களைச் சந்தித்திருக்கிறேன், அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். செடியை ஊரிலிருந்து பையில் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவருவது சட்டப்படி குற்றம், எலுமிச்சைக் குடும்பத்தைத் தாக்கும் நோய்ப்பூச்சிகள் அதோடு வரலாம். இங்கேயே வளர்த்து விற்பவர்களிடம் வாங்குங்கள்.

கறிவேப்பிலையைக் கொல்வது பெரும்பாலும் குளிரைவிட அன்புதான்: குளிர்காலத்தில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். அக்டோபர் முதல் அது ஏறத்தாழ உறங்கிவிடும். மேல்மண் விரல் முட்டி அளவுக்குக் காய்ந்த பிறகு கொஞ்சம் ஊற்றினால் போதும். இரவில் அறை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் இலை மஞ்சளாகி உதிரும். தண்டைச் சுரண்டிப் பார்த்து உள்ளே பச்சை இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது, ஏப்ரலில் துளிர்க்கும். இலை கண்ணாடியைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். கோடையில் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் காரணம் குழாய்த் தண்ணீர். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் போகிறது. கண்ணாடி அறையின் கூரைக் குழாயில் ஒரு பீப்பாயை இணைத்து மழைநீர் பிடியுங்கள். சில வாரங்களில் புதுத் துளிர் பச்சையாக வரும். பூமொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள், நுனியையும் கிள்ளுங்கள், பக்கக் கிளை விட்டு இலை பெருகும்.

மல்லிகைக்கு அறையிலேயே அதிக வெயில் விழும் இடத்தைக் கொடுங்கள், பூத்து ஓய்ந்ததும் வெட்டிவிடுங்கள். வெற்றிலைக்குக் கடும் வெயில் ஆகாது. கிழக்கு மூலையில், ஈரக் கூழாங்கல் தட்டின் மேல் தொட்டியை வைத்தால் கொடி ஏறும். கற்பூரவள்ளி ஒரு குச்சி ஒடித்து நட்டாலே வந்துவிடும். முருங்கை கோடையில் ஆள் உயரம் வளர்ந்து குளிரில் மொட்டையாக நிற்கும், காயை எதிர்பார்க்காமல் கீரைக்காக வளர்க்கலாம்.

பூச்சியைக் கண்டுபிடிக்க ஜன்னல் திட்டைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் மேலே இருக்கும் செடியில் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ உட்கார்ந்திருக்கிறது. செதில் பூச்சி என்றால், இலையைத் திருப்பியதும் நடுநரம்பை ஒட்டிச் சிறு பழுப்புப் புள்ளிகள் தெரியும். நகத்தால் தள்ளினால் பெயர்ந்து வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு இலையாக அடிப்புறம் துடைத்து, ஒரு வாரம் விட்டு மறுபடி துடைக்க வேண்டும். முதல் தடவை தப்பிய குஞ்சுகள் அதற்குள் வெளிவந்திருக்கும். இலை நுண்புள்ளியாக வெளிறி மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செம்பேன். வறண்ட சூட்டில்தான் பெருகும், கோடைக் காலையில் தரையில் தண்ணீர் தெளித்து வைத்தால் அடங்கும். சமையலுக்குப் பறிக்கும் இலையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். செம்பேனைத் தின்னும் ஃபைட்டோசியூலஸ் என்ற இன்னொரு சிறு பேன் உறையில் அடைத்துத் தபாலில் கிடைக்கிறது, மே முதல் செப்டம்பர் வரை நன்றாக வேலை செய்யும்.

மே கடைசியில், பின்பனி ஆபத்து நீங்கியதும், தொட்டிகளைத் தோட்டத்துக்கு மாற்றலாம். முதல் வாரம் நிழலில் வையுங்கள், கண்ணாடிக்குள்ளே வளர்ந்த இலை திறந்த வெயிலில் கருகும். செப்டம்பர் நடுவில் உள்ளே கொண்டுவரும்போது தொட்டியின் அடித்துளையில் நத்தை இருக்கிறதா என்று பார்த்து, காலியாகக் கிடக்கும் அறையின் கூரையையும் தண்ணீர்க் குழாயையும் முதலில் கழுவி முடித்துவிடுங்கள்.